காலை எடுக்கச் சம்மதிக்காத பெரியவர்: நியூசிலாந்து வார்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நியூசிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வருகிறவர்களில் இந்தியர்கள் இப்போது நிறைய, அதில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. வந்து இறங்கியதும் நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களைப் பற்றி ஆன்லைனில் ஒரு பாடம், முடிவில் ஒரு தேர்வு, கூடவே நாலைந்து வணக்கச் சொற்கள். அதோடு வார்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பாடம் கட்டில் பக்கத்தில் எங்கே உதவுகிறது, எங்கே நின்றுபோகிறது என்று காட்டுகிற ஒரு நிகழ்வைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக வரும் நர்ஸ்களையும் மாணவர்களையும் வார்டில் பழக்கும் பொறுப்பில் அப்போது இருந்தேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

நோயாளி எழுபதுகளில் இருந்த மாவோரி பெரியவர். ஊர், வடக்குத் தீவில் ஒரு கடலோரக் கிராமம். மருத்துவமனைக்கு வர காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருபது வருடச் சர்க்கரை நோய், சிறுநீரகமும் பாதி கெட்டிருந்தது. இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 98, நம்மூர் சதவீதக் கணக்கில் 11-ஐத் தாண்டும். இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்து, அறைக்குள் நுழையும்போதே வாடை வந்தது. எலும்பு வரை சீழ் போய்விட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் சர்ஜன். பெரியவர் சத்தம் போடவில்லை, வாதாடவில்லை. "வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். மறுநாளும் அதே பதில். குறிப்பேட்டில் 'சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று ஒருவர் எழுத, அடுத்த ஷிஃப்ட் அதையே பார்த்து எழுத, மூன்றாவது ஷிஃப்டுக்குள் அது அவருடைய குணமாகவே ஆகிவிட்டது.

இது ஒரு ஆளின் பிடிவாதம் மட்டும் இல்லை. 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாவோரி மக்கள் 17.8 சதவீதம். மற்றவர்களைவிட அவர்களுடைய சராசரி ஆயுள் சுமார் ஏழு வருடம் குறைவு. சர்க்கரை நோயும், அதனால் காலை இழப்பதும் அவர்களிடையே கூடுதல். கவனிக்கும் பக்கத்தில் பார்த்தால், நர்ஸ்களில் மாவோரிகளின் பங்கு அவர்கள் மக்கள்தொகைப் பங்கில் பாதிகூட எட்டவில்லை. பத்தில் நான்கு பேருக்கு மேல் என்னைப் போல வெளிநாட்டில் படித்து வந்தவர்கள்.

நாட்டின் நர்சிங் கல்வி இதை யோசிக்காமல் இல்லை. 1988-இல் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்த ஒரு கூட்டத்தில் மாவோரி மாணவி ஒருவர் எழுந்து, சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு, மருத்துவப் பாதுகாப்பு எல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு என்ன ஆயிற்று என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி நர்ஸ் ஒரு கோட்பாட்டையே கட்டினார். 1992-இல் நர்சிங் கவுன்சில் அதை வழிகாட்டுதலாக வெளியிட்டது. நர்ஸ்களுக்கு அரசியல் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் கூச்சல் எழுந்து, 1995-இல் நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்குப் போனது. ராம்ஸ்டன் 2003-இல் மறைந்தார். அவர் சொன்னதில் பலர் தவறவிடும் பகுதி ஒன்று உண்டு. நர்ஸ் மற்றவர் சடங்கையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கட்டிலில் படுத்திருப்பவர் மேல் தனக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று நர்ஸ் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும் என்றார். பாடமாக வரும்போது இந்த இரண்டும் சுருங்கி, செய்யலாம், செய்யக்கூடாது என்ற பட்டியல்தான் மிஞ்சுகிறது.

கவனித்தவை

முதலில் கண்ணில் பட்டது சாப்பாடு. சேர்ந்ததிலிருந்து தட்டு அப்படியே திரும்பிப் போனது. இன்சுலின் மட்டும் நேரத்துக்குப் போனது. இரண்டாம் நாள் இரவு இரத்தச் சர்க்கரை 3.6-க்கு இறங்கியது, அதாவது நம்மூர்க் கணக்கில் 65. அவரைப் பார்த்துக்கொண்டவர் ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாளே ஆன தமிழ்ப் பெண். "அக்கா, வாய்ல ஒண்ணுமே வைக்க மாட்டேங்கிறாரு, பசியே இல்லையாம்" என்றாள். குறிப்பிலும் 'பசியின்மை' என்றுதான் இருந்தது. காய்ச்சல், சீழ், கவலை என்று பசி போக ஆயிரம் காரணம் இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், அவரும் மாவோரி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறைக்குள் போய்விட்டு வெளியே வந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கட்டிலின் குறுக்கே உருட்டி வைக்கும் சாப்பாட்டு மேசை. அதன் ஒரு ஓரத்தில் மூடி போட்ட தட்டு, மறு ஓரத்தில் அரைவாசி நிரம்பிய சிறுநீர் பாட்டில், நடுவில் அவருடைய கண்ணாடியும் ரேடியோவும். மாவோரி வழக்கத்தில் உடலும் உடலிலிருந்து வருவதும் தாபு, அதாவது விலக்கி வைத்துக் காக்க வேண்டியவை. உணவு அதற்கு எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒரே பலகையில் வைத்தால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. நமக்குமே இறங்காது, ஆனால் அங்கே அது வெறும் அருவருப்போடு முடிகிற விஷயம் இல்லை. அவர் குறை சொல்லாமல் தட்டைத் தள்ளி வைத்திருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு விதி தெரியும். ஆன்லைன் தேர்வில் இதே கேள்விக்குச் சரியான விடையும் எழுதியிருக்கிறாள். ஆனால் பெரியவரால் எழுந்து நடக்க முடியாது, பாட்டில் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கட்டில் கம்பியில் அதை மாட்டக் கொக்கி கிடையாது, பக்கத்து அலமாரி இருப்பதோ அவருடைய வலது தோளுக்குப் பின்னால். கை எட்டும் தூரத்தில் இருந்த ஒரே பலகை அந்த மேசைதான். அவளுக்கு முந்தைய ஷிஃப்டும் பாட்டிலை அங்கேதான் வைத்திருந்தது.

இரண்டாவது, தலையணை. தலைக்கு ஒன்று, காலை உயர்த்தி வைக்க ஒன்று, இரண்டுக்கும் ஒரே வெள்ளை உறை. சுற்றில் வருகிறவர்கள் எது எதற்கு என்று பார்க்காமல் மாற்றி மாற்றி வைத்தார்கள். தலை மாவோரிகளுக்கு உடலிலேயே மிகத் தாபுவான இடம். சின்ன வயதில் தலையணை மேல் உட்கார்ந்து பாட்டியிடம் அடி வாங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெவ்வேறு நிற உறைகள் மருத்துவமனையின் துணிக்கிடங்கில் இருந்தன, வார்டு அலமாரிக்கு வந்து சேர்ந்ததில்லை.

மூன்றாவது, ஆட்கள். பேத்தியும் இரண்டு மகன்களும் மாறி மாறி வந்தார்கள், நான்கு பேர் படுக்கும் அறை என்பதால் இருவருக்கு மேல் உள்ளே விடவில்லை, எட்டு மணிக்கு அனுப்பிவிட்டார்கள். சர்ஜன் பேசிய இரண்டு முறையும் பெரியவர் தனியாக இருந்தார். அவரைப் போன்ற ஒருவர் தன் காலைப் பற்றித் தனியாக முடிவெடுப்பார் என்று நினைத்ததே எனக்கு வினோதமாகப் பட்டது. நம்மூரில் ஒரு பெரியவரின் காலை எடுக்க வேண்டுமென்றால் வராந்தாவில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கால் எங்கே போகும்?

மருத்துவமனையில் மாவோரி நலக் குழு என்று ஒன்று உண்டு. அதிலிருந்து வந்த அம்மா ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். காலைப் பற்றிப் பேச்சே இல்லை. எந்த மலை, எந்த ஆறு, யாருடைய பேரன், மீன்பிடி எப்படி என்று போனது. நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன்; என்னிடம் எந்த ஊர் என்று பெரியவர் கேட்டார், தென்காசி என்றேன், ஆறு இருக்கிறதா என்றார், சிற்றாறு என்றேன், அதில் தண்ணீர் வருடம் முழுக்க ஓடுமா என்றார். அதன் பிறகுதான், யாரும் கேட்காமலே, விரலைப் பற்றிச் சொன்னார்.

பல வருடத்துக்கு முன் வேறொரு மருத்துவமனையில் வலது காலில் ஒரு விரலை எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும்போது அந்த விரலைக் கேட்டிருக்கிறார். வழக்கம்போல அப்புறப்படுத்தியாகிவிட்டது என்று பதில் வந்திருக்கிறது, அதாவது மருத்துவக் கழிவோடு எரிந்து போயிருக்கிறது. "அம்மாவும் அப்பாவும் படுத்திருக்கிற மண்ணில் நான் முழுசாகப் போய்ப் படுக்க முடியாது. ஏற்கெனவே ஒரு துண்டு குறைவு. இப்போது முழுக்காலையும் கேட்கிறீர்கள்" என்றார்.

அவர் மறுத்தது அறுவை சிகிச்சையை இல்லை. கால் குப்பைக்குப் போவதைத்தான் மறுத்தார், அதை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். உடலிலிருந்து எடுக்கப்படும் எந்தப் பகுதியையும் திரும்பப் பெறுவதா, அப்புறப்படுத்த விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை நோயாளிக்கு உண்டு. 1996 முதல் அமலில் இருக்கும் நோயாளி உரிமைச் சட்டத் தொகுப்பில் ஏழாவது உரிமையின் கீழ் அது தெளிவாகவே இருக்கிறது. படிவத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது, ஆனால் கடைசிப் பகுதியில், கையெழுத்துக்குச் சற்று மேலே. முதல் வரியிலேயே வேண்டாம் என்றவரிடம் கடைசி வரி வரை யார் போவார்கள்? ஆக, சரி என்று ஏற்கெனவே சொன்னவர்களிடம் மட்டும்தான் அந்தக் கேள்வி போய்ச் சேருகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மதியமே நாலைந்து முடிவுகள் எடுத்தோம். பெரியவரை ஒற்றை அறைக்கு மாற்றினோம், இரவும் ஒருவர் தங்கலாம் என்றோம். இது சலுகை இல்லை. துணைக்கு ஆள் வைத்துக்கொள்வதும் அதே உரிமைத் தொகுப்பில் எட்டாவது உரிமையாக இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மேசை, மற்றதற்கு இன்னொரு மேசை என்று இரண்டு போட்டோம், ஒன்றில் பெரிய எழுத்தில் 'உணவு மட்டும்' என்று ஒட்டினோம். தலையணைக்கு இரண்டு நிற உறை. முகம் கழுவ ஒரு பேசின், உடலுக்கு வேறு. அன்று ராத்திரியே பாதித் தட்டு காலியானது.

அடுத்தது குடும்பக் கூட்டம். சர்ஜனிடம் மறுநாள் காலை நேரம் கேட்டேன், அவர் தயங்கினார். காரணம் நியாயமானதுதான்: சீழ் இரத்தத்தில் கலந்தால் ஒரு ராத்திரியில் ஆள் போய்விடலாம். அதனால் எல்லைகளை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்க ஒப்புக்கொண்டோம். இரத்த அழுத்தத்தின் மேல் எண் 100-க்குக் கீழே போனால், இரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலம் ஏறினால், பேச்சு குழறினால் கூட்டம் கீட்டம் எல்லாம் கிடையாது, உடனே குடும்பத்தைக் கூப்பிட்டு முடிவு கேட்பது. ஊசி மருந்துகள் தொடர்ந்தன, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாடி பார்த்தோம். பண்பாட்டை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கண்காணிப்பைத் தளர்த்தினால் அது இன்னொரு வகை அலட்சியம். இதில் சர்ஜன் பக்கம்தான் நான் இருந்தேன்.

கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கரக்கியா என்ற பிரார்த்தனையோடு தொடங்கியது. பிறகு ஒவ்வொருவரும் தான் யார், எங்கிருந்து வந்தோம் என்று சொன்னார்கள், சர்ஜனும் சொன்னார், அவருடைய தாத்தா ஸ்காட்லாந்து மீனவர் என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரியும். இந்த வரிசை, அதாவது வரவேற்பு, உறவு தேடுவது, பிறகு விஷயம், கடைசியில் விடைபெறுவது என்பது இங்கே மருத்துவ மாணவர்களுக்கும் கற்றுக்கொடுக்கப்படுகிற முறைதான், நேரமில்லை என்று முதல் இரண்டையும் விட்டுவிடுவதுதான் நடப்பு. விஷயத்துக்கு வந்ததும் மாவோரி நலக் குழு அம்மா முதல் கேள்வியாகக் காலைத்தான் வைத்தார்: எடுத்த பிறகு கால் உங்களிடம் வரும், எப்படி வேண்டும்? மகன்கள் தங்களுக்குள் பேசினார்கள். ஊர் இடுகாட்டில், பெரியவருக்கென்று ஒதுக்கிய இடத்தில் இப்போதே புதைப்போம் என்றார்கள். பெரியவர் சர்ஜனைப் பார்த்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றார்.

நடைமுறை வேலைகள் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தன. ஆய்வகத்துக்கு எலும்பின் ஒரு சிறு துண்டு வேண்டும், அதில் மீதியானதையும் பிறகு தருவீர்களா என்று பேத்தி கேட்டார், எழுதி வாங்கிக்கொண்டார். கால் மஞ்சள் கழிவுப் பைக்குள் போகக்கூடாது. குடும்பம் கொண்டுவந்த துணியில் சுற்றி, கசியாத பெட்டியில் வைத்து, பெயர் ஒட்டி, மார்ச்சுவரி குளிர் அறையில் வைப்பது என்று ஆபரேஷன் தியேட்டர் நர்ஸிடம் நேரில் போய்ச் சொன்னோம், போனில் சொன்னால் ஷிஃப்ட் மாறும்போது தொலைந்துவிடும். கழுத்தில் அவர் போட்டிருந்த பச்சைக்கல் பதக்கம், பௌனமு என்பார்கள், அதைக் கழற்றாமல் டேப் போட்டு மார்போடு ஒட்டினோம். மயக்க மருந்து டாக்டர் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

பின்விளைவு

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தியேட்டர் வாசலில் பேத்தி கரக்கியா சொல்லி முடிக்கும் வரை கட்டிலைத் தள்ளுகிறவர் நின்றார், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

காலைத் திருப்பிக் கொடுப்பதில்தான் சொதப்பியது. மகன்கள் வாங்க வந்தது சனிக்கிழமை. மார்ச்சுவரியில் வார நாள் ஆட்கள் இல்லை, இருந்த காவலாளிக்கு உடலை ஒப்படைக்கும் படிவம் தெரியும், காலை ஒப்படைக்கும் படிவம் தெரியாது. மாவோரி நலக் குழுவும் வார இறுதியில் கிடையாது. இரண்டு மணி நேரப் பயணம் செய்து வந்தவர்கள் தாழ்வாரத்தில் மூன்று மணி நேரம் நின்றார்கள். கடைசியில் இரவு மேலாளர் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் பெட்டி வெளியே வந்தது. மறுநாள், ஞாயிறு அதிகாலை, ஏஜென்சி மூலம் தற்காலிகமாக வந்த நர்ஸ் ஒருவர் 'உணவு மட்டும்' என்று ஒட்டிய மேசையிலேயே மறுபடி பாட்டிலை வைத்தார். ஒட்டிய தாள் பாட்டிலுக்கு அடியில் இருந்தது.

புண் ஓரத்தில் ஒருமுறை சீழ் வைத்து ஆற நாள் பிடித்தது, சர்க்கரை நோயில் இது எதிர்பார்த்ததுதான். சாப்பாடு சீரானதும் இன்சுலின் அளவும் நிலைத்தது. பெரியவர் வீடு போனார், பிறகு செயற்கைக் காலுக்கு அளவெடுக்கப் பேக்கே வைஹாங்காவுக்குப் போனதாகப் பேத்தி சொன்னார். நாட்டின் செயற்கை உறுப்புச் சேவைக்கு அதுதான் பெயர். 'ஒத்துழைக்கவில்லை' என்ற வரி மட்டும் கோப்பில் இன்னும் இருக்கிறது, அழிக்க முடியாது; கீழே விளக்கக் குறிப்பு ஒன்று சேர்த்திருக்கிறோம்.

அந்த மாவோரி மாணவி விஷயத்தையும் சொல்ல வேண்டும். மேசையை அவர் காட்டிய நாளிலிருந்து எல்லோரும் எதற்கெடுத்தாலும் அவரையே கூப்பிட்டார்கள். "நீயே போய்க் கேளேன், உன் ஆட்கள்தானே." ஒரு வாரத்தில் அவர் முடிக்க வேண்டிய டிரெஸ்ஸிங் பயிற்சி பாதிகூட ஆகவில்லை, கல்லூரியிலிருந்து ஆசிரியர் வந்து கேட்டார். நியாயமான கேள்வி. மாவோரியாகப் பிறந்ததற்காகச் சம்பளமில்லாத இரண்டாவது வேலை ஒன்றை அவர் தலையில் கட்டியிருந்தோம். அதன் பிறகு அவராக விரும்பினால் ஒழிய யாரும் கூப்பிடக்கூடாது என்று ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்ட்ஓவரில் சொல்லப்பட்டது.

மாற்றியதும் மாற்ற வேண்டியதும்

கட்டில் கம்பியில் மாட்டும் பாட்டில் கொக்கிகள் எங்கள் வார்டுக்கு வந்துவிட்டன. விலை அற்பம். மேசைப் பிரச்சினை வகுப்பால் தீரவில்லை, கொக்கியால் தீர்ந்தது. நிற உறைகள் இப்போது வார்டு அலமாரியில் இருக்கின்றன, பக்கத்து வார்டில் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கான பயிற்சியையும் மாற்றினோம். முன்பு கேள்வி, விடை, மதிப்பெண். இப்போது காலியான ஒரு கட்டிலைக் காட்டி, எழுந்து நடக்க முடியாத ஒருவருக்கு எது எதை எங்கே வைப்பாய் என்று வைத்துக் காட்டச் சொல்கிறோம். பத்துப் பேரில் பாதிப் பேருக்கு மேல் முதலில் மேசையைத்தான் தேடுகிறார்கள், தமிழர், மலையாளி, பிலிப்பினோ, வெள்ளைக்காரர் என்ற வித்தியாசம் இல்லை. நர்சிங் கவுன்சிலின் புதிய தகுதி நெறிகளில் முதல் தூணாகவே மாவோரி நலம் இருக்கிறது, இரண்டாவது பண்பாட்டுப் பாதுகாப்பு. அதற்கு ஆதாரமாக என்ன எழுதுவது என்று முழிப்பவர்களிடம், இந்தக் கட்டில் பயிற்சியில் நீ எதை மாற்றினாய், நோயாளி அதற்கு என்ன சொன்னார் என்று எழுது என்கிறேன்.

திரும்பத் தருவது பற்றிய கேள்வியை ஒப்புதல் படிவத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். படிவம் மாறக் குழுக்கள் பல தாண்ட வேண்டும், அதுவரை எங்கள் வார்டில் உறுப்பு எடுக்கும் அறுவை சிகிச்சை என்றாலே சேர்க்கும் அன்றே, எல்லா இன நோயாளிகளிடமும், வாயால் கேட்டுக் குறிக்கிறோம். மாவோரி அல்லாத ஒரு பாட்டியும் தன் விரலை வாங்கிப் போனார், தோட்டத்தில் புதைக்க என்றார்.

மார்ச்சுவரி சாவியும் ஒப்படைப்புப் படிவமும் வார இறுதியில் யாரிடம் இருக்க வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு வெள்ளிக்கிழமை மாலைக்குள் இரவு மேலாளருக்குப் பெயரும் நேரமும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.